சிவப்புக் குமிழும் நவமிச் சந்தனமும்

செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் எங்கள் அலுவலகத்தில் யாரும் கம்ப்யூட்டரைத் திறக்கக் கூடாது. கல்கத்தாவுக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இருந்தும் இந்த விஸ்வகர்மா பூஜை எனக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை. கிடர்பூர் துறைமுகத்துக் கிரேன்களைப் பழுது பார்க்கும் பொதுத்துறை நிறுவனம் எங்களுடையது. அன்றைக்குக் கிரேனுக்கு மாலை, லாரிக்கு மாலை, வெல்டிங் மெஷினுக்கு மாலை. புரோகிதர் பட்டறையெல்லாம் முடித்துவிட்டு, பாதி மந்திரத்தை வழியிலேயே விழுங்கிக்கொண்டு, பதினொரு மணி வாக்கில் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்து சேருவார். லேப்டாப் மூடிகளில் வரிசையாகச் சிந்தூரம் வைப்பார். அவர் கங்கை நீர்ச் சொம்பைக் கையில் எடுத்ததும் நாங்கள் எல்லோரும் பாய்ந்து செய்தித்தாளால் மெஷின்களை மூடிவிடுவோம். பக்தி வேறு, வாரண்டி வேறு. அதன்பிறகு மதியம் ஆட்டுக்கறிச் சாப்பாடு, வானம் முழுக்கப் பட்டம். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் சென்னைக் கிளையிலிருந்து ஒரு பையன் போன் செய்வான்.

"மேடம், காலைலேர்ந்து மூணு மெயில் போட்டுட்டேன். பதிலே காணோமே?"

"இன்னைக்கு மெஷினுக்கெல்லாம் லீவு, தம்பி."

"மெஷினுக்கா? ஆயுத பூஜை அடுத்த மாசம்தானே மேடம்?"

"அது உங்க ஊர்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான், என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. பெயர் செல்வராணி. அடுத்த மாதம் நவமியன்று இதே கூத்து தலைகீழாக நடக்கும். சென்னையில் மெஷின்கள் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருக்கும். இங்கே துர்கா பூஜைக்கு ஆபீசே பூட்டிக் கிடக்கும். ஆக, எங்கள் நிறுவனத்தில் கம்ப்யூட்டருக்கு வருடத்தில் இரண்டு பண்டிகை. என்னைப் போன்ற இரண்டுங்கெட்டான்களுக்கு இரண்டு நாளும் வேலை ஓடாது.

என் மேஜையில் இருப்பது கறுப்பு லேப்டாப். கீபோர்டின் நடுவில், மூன்று எழுத்துகளுக்கு இடையில், துவரம்பருப்பு அளவில் ஒரு சிவப்பு ரப்பர் குமிழ் இருக்கும். மவுஸ் வேண்டாம், அதை விரல்நுனியால் லேசாக அழுத்தினால் திரையில் அம்புக்குறி அந்தத் திசையில் ஓடும். பெரிய கம்பெனி அதிகாரிகளுக்கென்றே அமெரிக்காவில் தயாரான வரிசை அது. மற்ற கம்பெனிகள் பழைய சலவைத் துணி நிறத்தில் லேப்டாப் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் மட்டும் கன்னங்கரேலென்று இறக்கினார்கள். ஜப்பான்காரர்களின் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்துத்தான் அந்த வடிவமே உதித்ததாம். இதை நான் ஏதோ ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு எங்கள் பிரிவின் தலைவர் சாட்டர்ஜி ஸாரிடம் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து அவர் அதை டிபன் பாக்ஸ் என்றே கூப்பிட ஆரம்பித்தார். "மிசஸ் ஐயர், உங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து போன மாதக் கணக்கைக் காட்டுங்கள்" என்பார். நான் ஐயரும் இல்லை, சைவமும் இல்லை. ஆனால் தெற்கிலிருந்து வந்த பெண் என்றால் இவர்களுக்கு ஒரே பெயர்தான். நான் வந்த புதிதில், பக்கத்து நாற்காலி மாலா-தி, நம் பேச்சில் மாலா அக்கா, ஒரு வருடம் முழுக்க, என் மனம் நோகுமே என்று, தன் மீன்குழம்பை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டார். அயிலை மீனுக்கு ஏங்கிப்போய்க் கிடந்த நான், அந்த வாசனையில் தயிர்சாதத்தை விழுங்கிக்கொண்டிருந்தேன். அவரவர் நாகரிகம் அவரவரைப் பட்டினி போட்டது.

இந்த வரிசையில் எங்களுக்கு வந்த முதல் லேப்டாப் ஜெனரல் மேனேஜருக்கு வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் என்று ஞாபகம். மூடியைத் திறந்தால், இரண்டு துண்டாக உள்ளே ஒடுங்கியிருக்கும் கீபோர்டு நகர்ந்து, பெட்டிக்கு வெளியே சிறகு மாதிரி நீட்டிக்கொண்டு ஒன்றாகச் சேரும். மூடினால் திரும்ப ஒடுங்கும். பெட்டி சின்னது, விரல்களுக்கு இடம் பெரிது, அவ்வளவுதான் அதன் தந்திரம். ஜெனரல் மேனேஜர் அதில் ஒரு கடிதம்கூட அடித்து நான் பார்த்ததில்லை. விருந்தாளி வந்தால் திறந்து காட்டுவார், டீ வருவதற்குள் இரண்டு தரம் மூடித் திறப்பார். யூனியன் தலைவர்கள் கோரிக்கையோடு போனபோதுகூடத் திறந்து காட்டியதாகவும், அவர்கள் கோரிக்கையை மறந்துவிட்டு "இன்னொரு தடவை, ஸார்" என்று கேட்டதாகவும் மாலா-தி சொல்வார். சில வருடத்தில் திரைகள் தாமாகவே அகலமாகிவிட்டன. அகலமான திரைக்கு அகலமான பெட்டி, அதில் கீபோர்டு சும்மாவே அடங்கும். சிறகுக்கு வேலையில்லை என்று கம்பெனி அதைக் கைவிட்டது. எங்கள் ஜெனரல் மேனேஜருக்கு வீட்டில் துக்கம் நடந்தது போல ஆகிவிட்டது.

அலுவலகத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. புது மாடல் வந்தால் ஜெனரல் மேனேஜருக்கு. அவருடைய பழையது துணை மேனேஜருக்கு. அவருடையது அடுத்த நாற்காலிக்கு. அண்ணன் சட்டை தம்பிக்கு இறங்குகிற மாதிரி லேப்டாப் இறங்கி இறங்கி வரும். எனக்கு வந்து சேர்ந்தது மூன்றாம் கை. திரைக்கு மேலே குட்டி விளக்கு வைத்த மாடல் அது. இருட்டில் பொத்தானை அழுத்தினால் கீபோர்டின் மேல் மெல்லிய வெளிச்சம் விழும். விமானத்தில் பக்கத்து ஸீட்காரர் தூங்கும்போது அதிகாரி வேலை செய்வதற்காக அதைக் கண்டுபிடித்தார்களாம். எங்கள் துணை மேனேஜர் அதை லோட்ஷெடிங் இருட்டில் மூரி சாப்பிடப் பயன்படுத்தினார். மூரி என்றால் நம் பொரிதான், கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் போட்டுப் பிசைந்தது. மெஷின் என் கைக்கு வந்ததும் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். ஒரு கைப்பிடி பொரி விழுந்தது.

அந்த மூன்றாம் கை மெஷினை நம்பித்தான் என் குடும்பமே இருந்தது என்றால் சிரிப்பீர்கள். அதற்கு முந்தைய வருடம் என் கணவர் முருகேசனை மத்திய அரசு சென்னைக்குத் தூக்கிப் போட்டுவிட்டது. அவர் அங்கே, நானும் எட்டாம் வகுப்பு படித்த மகள் மதியும் இங்கே கரியாஹாட் பக்கம் ஒரு வாடகை வீட்டில். அவர் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்பார். சொல்லி முடித்த பிறகும் போனை வைக்க மனமில்லாமல் உப்பு அளவையும் சொல்வேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் சென்னைக் கிளையில் ஓர் இடம் காலியானது. அங்குள்ள கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொறுப்பாளர். கிரேன் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க நான் எழுதிய நிரலைப் பற்றிக் கேள்விப்பட்டு, சென்னையிலிருந்து ராகவன் என்ற அதிகாரி நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. விஜயதசமிக்கு மறுநாள் வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். வருகிறவர் தமிழர் வேறு. பாதிக் கிணறு தாண்டிவிட்டதாகவே நான் நினைத்துக்கொண்டேன்.

பூஜை விடுமுறையில் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று கேட்டில் அனுமதிச் சீட்டு வாங்கி லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். முருகேசனும் ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். நவமியன்று காலையில் தெருமுனைப் பந்தலில் டாக் மேளம் ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்துக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். பொட்டு வைக்கும் இலாகா எப்போதும் அவருடையது. ஊரிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தைக் கிண்ணத்தில் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு கிளம்பினார். குக்கர், மிக்ஸி, கத்தரிக்கோல், மதியின் சைக்கிள், அயர்ன் பாக்ஸ், கரண்ட் மீட்டர் என்று ஒன்று விடவில்லை. பிறகு ஆளையே காணோம். கை துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால், மதியின் பாடப்புத்தகங்களுக்கு மேல் என் லேப்டாப் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. சிவப்புக் குமிழைச் சுற்றி, மூன்று எழுத்துகளுக்கும் சேர்த்து, வட்டமாக அப்பிய சந்தனம்.

"ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கிய?"

"ஏளா, அழகா இல்லியா? மூடி வெறும் தகடு, அதுல வச்சு என்ன பிரயோசனம்? வேலை செய்யுதது உள்ளதான. தொறந்து பாத்தா, குங்குமத்தை அமெரிக்காக்காரன் அவனே வச்சு அனுப்பியிருக்கான். சந்தனந்தான் இல்ல. அதான் வச்சேன்."

துணியை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். அவர் குறுக்கே கையை நீட்டினார். "பூஜையில வச்சாச்சு. நாளைக்கு மறுபூஜை முடிஞ்சுதான் தொடணும். தெரியும்லா?" தெரியும். இந்த மாதிரி விஷயங்களில் ஊரையெல்லாம் கேலி பேசுகிற வாய் என்னுடையது. வேறு எந்த வருடமாக இருந்தாலும் அவர் கையைத் தட்டிவிட்டுத் துடைத்திருப்பேன். ஆனால் நாளை மறுநாள் ராகவன் வருகிறார். சரஸ்வதியைப் பகைத்துக்கொள்ள அது நாளில்லை என்று பயந்துபோய்த் துணியைக் கீழே வைத்தேன். சாயங்காலம் சாட்டர்ஜி ஸார் போன் செய்தார். பந்தலிலிருந்து பேசுகிறார் போல, மேளச் சத்தத்துக்கு மேல் கத்தினார். ராகவனுக்குக் காட்டும் பக்கங்களில் ஒரு தலைப்பை மாற்ற வேண்டுமாம். இன்று மெஷினைத் தொடக் கூடாது, சரஸ்வதி பூஜை என்று நான் ஆங்கிலத்தில் கத்தினேன்.

"சரஸ்வதி பூஜை குளிர்காலத்தில் அல்லவா வரும்?"

"எங்களுக்கு இன்றைக்கு, ஸார்."

"இன்றைக்கு துர்கா. அவள் மகள் சரஸ்வதியும் அம்மா கூடத்தான் பந்தலில் நிற்கிறாள், நான் இப்போதுதான் கும்பிட்டேன். உங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாள்?"

மதியின் பாடப்புத்தகங்களோடு மெஷினும் பூஜையில் இருக்கிறது என்றேன். புத்தகத்தைப் பூஜையில் வைத்தால் தொடக் கூடாது என்பது அவருக்கு நன்றாகவே புரிந்தது. சின்ன வயதில் சரஸ்வதி பூஜையன்று படிக்காமல் இருப்பதற்காகக் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய் வைத்தவர் அவர். "டிபன் பாக்ஸ் ஓய்வெடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்ததும் ஈரத்துணியாலும் பஞ்சாலும் துடைத்தேன். வெளியில் தெரிந்தது எல்லாம் போய்விட்டது. மெஷினைப் போட்டுப் பார்த்தேன், அம்புக்குறி சொன்னபடி கேட்டது. அன்றைக்கு நல்லபடியாக ஏதாவது ஆரம்பிக்க வேண்டுமே, நிரலை ஒரு முறை ஓட்டிவிட்டு மூடினேன். குமிழின் அடியில் இறங்கிய சந்தனம் இன்னும் ஈரமாக இருந்ததால்தான் அப்படி நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது என்பது எனக்குத் தெரியாது. காய்ந்தால் சந்தனம் கல். அது குமிழின் தண்டை ஒரு பக்கமாக விடாமல் அழுத்தும். தண்ணீரோ டீயோ கொட்டினால் அடிவழியாக வடிந்துபோகட்டும் என்று பின்னால் வந்த மாடல்களில் ஓட்டை வைத்தார்கள். சந்தனத்துக்கு வழி வைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ராகவன் முன்னால் மூடியைத் திறந்தேன். நெற்றியில் மெல்லிய திருமண் கீற்றோடு வந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் கூடியது. முதல் பக்கத்தில் அம்புக்குறி மெல்ல மேலே நகர்ந்தது. நான் கீழே இழுத்தேன். அது மறுபடியும் கிளம்பி, வலப்பக்க மேல் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. மவுஸ் ஒன்றைச் சொருகினேன். நான் மவுஸால் கீழே இழுக்க, குமிழ் மேலே இழுக்க, திரையில் எங்கள் இருவருக்கும் கயிறு இழுக்கும் போட்டி நடந்தது. உதிரிபாகப் பட்டியலைத் திறக்கப் போனால் அது கடிகாரத்தைத் திறந்தது. பதற்றத்தில், மவுஸே இல்லாத காலத்தில் படித்த கீபோர்டு குறுக்குவழிகள் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. ராகவன் எழுந்து வந்து கீபோர்டின் மேல் குனிந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"சந்தனமா?"

"ஆயுத பூஜை, ஸார்" என்றேன். ஒரு தமிழரிடம் இதற்கு மேல் என்ன விளக்கம் சொல்ல வேண்டும்?

"எங்க ஆபீஸ்லயும்தாம்மா போட்டோம். மானிட்டர் ஓரத்துல வெச்சோம். யாரும் கீபோர்டுக்குள்ள குழைச்சு ஊத்தல."

அப்போது சாட்டர்ஜி ஸார் எனக்காக எழுந்து நின்றார். அந்த மனிதரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நெற்றியில் நாமம் போட்ட ராகவனிடம், ஆங்கிலத்தில், மிகுந்த பொறுமையோடு, "ஸார், உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இது இவர்களுடைய சம்பிரதாயம். தமிழர்கள் கீபோர்டில்தான் சந்தனம் வைப்பார்கள்" என்று விளக்கினார். ராகவன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போகும்போது, "நிரல் நல்லாருக்கு. ஆனா ஒரு ஆபீஸ் மெஷின் மொத்தத்தையும் உங்களை நம்பி எப்படிம்மா குடுக்கறது?" என்று தமிழில், தணிந்த குரலில் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. அன்று மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதேன். முகம் தெரியாத ஒரு மாஷிமா, சித்தி வயதுப் பெண்மணி, நான் கேட்காமலே தன் ஸீட்டை விட்டு எழுந்து என்னை உட்கார வைத்தார். நமக்கு வேண்டியவர் என்று நான் நம்பியிருந்தவர் சட்டம் பேசினார். எனக்காகப் பொய்யென்றே தெரியாமல் பொய் சொன்னவர் வங்காளி. அன்றைக்குத்தான் இந்த ஊர் மேல் எனக்கு இருந்த பழைய கோபம் கரைந்தது.

சந்தனம் வைத்தவருக்கும் தண்டனை கிடைத்தது. நான் அங்கே போக முடியாததால் முருகேசன் கல்கத்தாவுக்கே மாற்றல் கேட்டு எழுதிப்போட்டு, அடுத்த கோடையில் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து கடுகெண்ணெயையும் ஆற்றுமீன் முள்ளையும் திட்டிக்கொண்டு, இரண்டையும் ஒரு வேளை விடாமல் சாப்பிட்டு வருகிறார்.

அதற்கப்புறம் சில வருடத்தில் அமெரிக்கக் கம்பெனி அந்தக் கறுப்பு லேப்டாப் தொழிலையே ஒரு சீனக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. வேறு எந்த ஊரிலும் அது வியாபாரப் பக்கத்துச் செய்தி. எங்கள் ஊரில் கேன்டீனில் மூன்று நாள் விவாதம். அமெரிக்க முதலாளியிடமிருந்து சீனத்துக்குப் போனது பாட்டாளிகளின் வெற்றியா, அல்லது சீனாவே முதலாளியாகிவிட்டதன் அடையாளமா என்று யூனியனில் இரண்டு கட்சி. முடிவு தெரிவதற்குள் டீ ஆறிவிட்டது. கொஞ்ச நாளில் மூடியில் இருந்த பழைய கம்பெனிப் பெயர் போய்ப் புதுப் பெயர் வந்தது. எனக்கு முதல் முறையாகப் புது மெஷின் கிடைத்தது. பெட்டியைப் பிரித்ததும் நான் தேடியது ஒன்றைத்தான். சிவப்புக் குமிழ் அதே இடத்தில் இருந்தது. முதலாளி மாறினான், தேசம் மாறியது, பொட்டு மாறவில்லை. ஆபீஸ் என்றும் பாராமல் கொஞ்சம் கண் கலங்கினேன்.

மதி வளர்ந்தாள். தமிழைவிட வங்காளத்தில் வேகமாகச் சண்டை போடுகிறவளாக வளர்ந்தாள். கம்ப்யூட்டர் படித்தாள். இப்போது நாங்கள் இருக்கும் நியூ டவுன் அடுக்குமாடிக்கு எதிரிலேயே பெரிய ஐ.டி. வளாகங்கள் இருக்க, அவளுக்கு வேலை கொடுத்த கம்பெனி அவளை எங்கே அனுப்பியது என்கிறீர்கள்? சென்னைக்கு. நான் ஒரு காலத்தில் ஏங்கி அழுத ஊருக்கு அவள் ஏங்கி அழுதுகொண்டு போனாள். அவளுக்கும் கறுப்பு லேப்டாப்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வருடம் விஸ்வகர்மா பூஜையன்று ஆட்டுக்கறிச் சாப்பாடு முடிந்து வீடு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் போன் செய்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"மா, நான் இங்க லேப்டாப்புக்குப் பூஜை போட்டேன். நீ குடுத்துவிட்ட சிந்தூர் டப்பா இருந்துச்சுல்ல, அதுல. எல்லாரும் சுத்தி நின்னு பாக்கறாங்க. இன்னைக்கு என்ன விசேஷம்னு ஒருத்தி கேட்டா. சொன்னேன். அப்புறம் சொல்றா, 'நார்த் இண்டியனா நீங்க? தமிழ் இவ்ளோ நல்லாப் பேசறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?'"

அவள் சிரிக்க முயன்றாள். பாதியில் நின்றுவிட்டது. முருகேசன்தான் என் தோளுக்கு மேல் எட்டிக் கத்தினார்.

"எங்க வச்ச? குமிழ்ல வச்சிராத! மூடியில வையி!"

"ஜானி பாபா, ஜானி. மூடிலதான் வெச்சேன்." தெரியும் அப்பா, தெரியும் என்று அலுத்துக்கொண்டாள். பிறகு குரல் தெளிந்தது. "பூஜைக்கு வீட்டுக்கு வரேன். லீவு கிடைச்சிருச்சு. ஆனா நவமிக்கு இங்க ஆயுத பூஜையாம். லேப்டாப்ப ஆபீஸ்லயே வெச்சிட்டுப் போகணும்னு சொல்லிட்டாங்க. நான் மட்டும்தான் வருவேன்."

வீடு என்று அவள் சொன்னது இந்த ஊரை. அவள் இங்கே பந்தலில் டாக் மேளத்துக்கு முன்னால் நிற்கும்போது, அவள் மெஷின் அங்கே யாரோ வைத்த சந்தனத்தோடு உட்கார்ந்திருக்கும். போனை வைத்த பிறகு முருகேசன் வீட்டைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார்.

"அப்ப அவ மெஷினும் வரலன்னா, இந்த நவமிக்கு இங்க நான் எதுல சந்தனம் வைக்க?" என்றார்.

அவர் பார்வை மெல்ல மேஜைப் பக்கம் திரும்பியது. அங்கே என் லேப்டாப், காலையில் புரோகிதர் வைத்த சிந்தூரத்தோடு இருந்தது. நான் எழுந்து போய் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் அவர் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல், "மூடியில, சிந்தூரத்துக்குப் பக்கத்துல, சின்னதா" என்றேன்.